கூட்டாளி ஒருத்தர் கழிவைத் திறந்தால் ஊருக்கே பூட்டு!

திருப்பூர் சாயக் கழிவைத் தனி ஆளாகச் சுத்தம் பண்ணக் கட்டுப்படியாகாது. அதனால் சாயப்பட்டறை முதலாளிகள் பங்கு போட்டு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். அப்படியும் நொய்யலில் உப்புத் தண்ணீர் நிற்கவில்லை. ஒரத்துப்பாளையம் அணையே சாயக் குட்டையானது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு ஒரே போடாகப் போட்டது: சொட்டுக் கழிவும் வெளியே வராத நிலை வரும்வரை பட்டறைகளை மூடு! மின்சாரம் கட். வேலையாட்கள் மூட்டை கட்டினார்கள்.

அதே வருஷம் அரசு ரூ.200 கோடி வட்டியில்லாக் கடன் அறிவித்தது. உப்பு நீரை மீட்டு, மறுபடி சாயத்துக்கே விடும் முறையும் வந்தது.

மெஷின் வந்தாச்சு, சரி. பங்குப் பணம் மட்டும் பத்துமா? எந்தப் பட்டறை எத்தனை லிட்டர் விடுகிறது என்று கூட்டாளிகளே மீட்டர் பார்க்கணும். ராத்திரி ஒருத்தர் வாய்க்காலில் திறந்துவிட்டால், மறுபடியும் பட்டினி கிடப்பது யார்? கூலிக்காரன்தானே!