கூடுவதே சிறுதொழிலுக்கு முதல்

தொழில் தொடங்குவோர் யாவர்? தொடங்கிய தொழில் எவ்வாறு நிலைபெறும்? இவ்விரு வினாக்களுக்கும் தமிழ்நாட்டிலேயே ஆய்ந்து கண்ட விடைகள் உள. ஆயின், அவை ஆங்கிலத்தில் எழுதப்பெற்றமையால், ஆம்பூரில் சிறுபட்டறை நடத்துவோரை எட்டுவது அரிது.

சேம்சு பெர்னா என்பார் 1960-இல் வெளியிட்ட நூல், சென்னை, கோவைப் பகுதிகளின் 52 பொறியியல் தொழிலகங்களை ஆய்ந்தது. தொழில்முனைவுக்குப் பிறப்பினும் கைப்பொருளும் பட்டறிவும் தொழிலறிவுமே பெருந்துணை என்று அது காட்டிற்று. குலத்தொழில் பேசுவார் வாயடைக்க இஃதொன்றே போதும்.

நிலைபெறும் வழியைப் பாலாற்றங்கரையில் காணலாம். அமிர்தி தொடங்கி விரியும் சவ்வாது மலைக்காடுகளின் கடுக்காயும், மேட்டுநிலத்து ஆவாரம்பட்டையும் கொண்டு தோல் பதனிட்ட காலம் ஒன்றிருந்தது. பின்னர்க் குரோமிய உப்பு வந்தது. பதனிடும் நாள்கள் குறைந்தன, நச்சுக்கழிவு பெருகிற்று. கிணறுகள் கெட்டன, உழவு தாழ்ந்தது. 28.8.1996-இல் உச்ச முறைமன்றம், கெடுத்தவரே ஈடுசெய்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்து, ஒவ்வொரு தோலாலைக்கும் 10,000 உருபா தண்டமிட்டது. கழிவைத் தூய்மிக்காத ஆலைகளை மூடவும் பணித்தது.

சிற்றாலை ஒன்று தனித்துத் தூய்மிப்பு நிலையம் கட்டவியலுமா? இயலாது. எனவே, சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிட்டவர்களே பங்கு சேர்த்து, அரசின் பொருளுதவியும் பெற்று, பொது நிலையங்களை நிறுவினர். இக்கூட்டு முயற்சியை இலொரேன் கென்னடி என்னும் ஆய்வாளர் 1999-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். தனித்து நின்றிருப்பின் மூடப்பட்டிருக்கும் ஆலைகள் பல, கூடியதால் பிழைத்தன என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

எனினும், கோல் ஓங்கப்பட்ட பின்னரன்றோ கூட்டு முழுவிரைவு கொண்டது! கூடியோர் தம் ஆலையைக் காத்தனர், பிறரைக் காத்தனரா? 31.1.2015 அன்று இராணிப்பேட்டையில் பொதுத் தூய்மிப்பு நிலையமொன்றின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். 30.1.2025-இலும் உச்ச முறைமன்றமே கேடுற்றோர்க்கு ஈடு வழங்க ஆணையிட வேண்டியதாயிற்று.

ஏற்றுமதிப் பணத்தை மட்டும் எண்ணுவது வளர்ச்சிக் கணக்காகாது. கெட்ட கிணற்றையும், தரிசான கழனியையும், மாண்ட உழைப்பாளியையும் எண்ணாத கணக்கு பொய்க்கணக்கே. இனித் தொழில் தொடங்கும் தமிழிளைஞர், முறைமன்றம் பணிக்குமுன் தாமே கூடுக. உழவரையும் உழைப்பாளரையும் அக்கூட்டில் சேர்த்துக்கொள்க. தொழிலாய்வு செய்வோர், தாம் கண்டதைப் பட்டறைக்காரர் படிக்குமாறு தமிழில் எழுதுக. தண்ணீரைக் கொன்று தழைத்த தொழில் எந்நாட்டிலும் நின்று வாழாது!