‘வீட்டிலே சும்மாதான் இருக்கேன்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள்!

சகோதரிகளே, இந்தத் தடவை ஒரே ஒரு கடிதத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். படித்துப் பாருங்கள், காரணம் உங்களுக்கே புரியும்.

“அன்புள்ள அக்காவுக்கு, மரக்காணத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலேருந்து எழுதறேன். எனக்கு 34 வயசு. தை மாசத்திலேருந்து மழை இறங்கற வரைக்கும் அளத்துக்கு உப்பு வாரப் போவேன். மத்த மாசம் வீடுதான். நாலு மாசத்துக்கு முன்னால எங்க வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள்ல நானும் சின்னவனும் உட்கார்ந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில வந்துகிட்டிருந்தோம். எதிரே பஸ்ஸை முந்திக்கிட்டு வந்த ஒரு மோட்டார் சைக்கிள் எங்க மேல மோதிடுச்சு. அவருக்கும் பையனுக்கும் சிராய்ப்போட போச்சு. எனக்கு வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு ரெண்டு இடத்துல முறிஞ்சு பிளேட் வச்சிருக்காங்க. போலீஸ்ல கேஸ் எழுதியாச்சு. இப்போ மோதின பையன் வீட்டார் வந்து, இருபதாயிரம் தர்றோம், கையெழுத்துப் போட்டுடுங்கன்னு நிக்கறாங்க. எங்க வீட்டுக்காரரும், ‘நீ என்ன மாசச் சம்பளத்துக்கா போறே, வாங்கிட்டு விடு’ங்கறார். ஆஸ்பத்திரியில தொழில்னு கேட்டதுக்குக்கூட ‘வீட்ல சும்மாதான் இருக்கா’ன்னு அவரே சொல்லிட்டார். அளத்துல எனக்குச் சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது. மாமியார்தான் நாலு மாசமா பொங்கிப் போடறாங்க. அவங்களுக்கும் வயசாச்சு, முணுமுணுக்கறாங்க. நான் என்ன பண்றது அக்கா?”

தங்கச்சி, முதலில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. நாளைக்கு நீ கோர்ட்டுக்குப் போனால் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். “பாவம், சின்னப் பையன், அவன் எங்கே போவான் பணத்துக்கு?” என்று உன் மனசு இளகலாம். ஆனால் ரோட்டில் ஓடும் வண்டிக்கெல்லாம் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த வண்டிக்கு அது இருந்தால் நஷ்ட ஈடு கொடுக்கப்போவது இன்ஷூரன்ஸ் கம்பெனி. பையனின் அப்பா வயலை விற்றுக் கொடுக்கப்போவதில்லை.

அடுத்தது நாள் கணக்கு. “எப்ப வேணா கேஸ் போடலாம்” என்று ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். 1994-க்குப் பிறகு வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இதை எதிர்த்து வழக்கு நடக்கிறது. தாமதம் என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் இடைக்கால உத்தரவும் போட்டிருக்கிறது. ஆனாலும் அதை நம்பி உட்கார்ந்திருக்காதே. உனக்கு இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது. மனு போட விபத்து நடந்த இடத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. நீ குடியிருக்கும் பகுதிக்குரிய மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்காதே. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 1987-ம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. தாலுகா கோர்ட்டில் சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேள், அல்லது 15100-க்குப் போன் போடு.

இன்னொரு வழியும் உண்டு. எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்ச ரூபாய் என்று 164-ம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதை வாங்கிக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு செத்துப்போகும். ஆகவே எது லாபம் என்று கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்.

கணக்கு என்றதும் உன் வீட்டுக்காரர் சொன்ன அந்த ‘சும்மா’வுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் அவரை மட்டும் என்ன சொல்ல? 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலே வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு ஒரே வரிசையில் ‘வேலை செய்யாதவர்’ என்று போட்டிருந்தார்கள். இதைச் சுட்டிக்காட்டி 2010-ல் சுப்ரீம் கோர்ட்டே கடிந்துகொண்டது. அதற்கு முந்தின வருஷம் நம்ம சென்னை ஐகோர்ட்டில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், தாயை விபத்தில் பறிகொடுத்த ஒரு சிறுமியின் வழக்கில், இல்லத்தரசியின் கூலியில்லாத வேலைக்கு முறையாக மதிப்புப் போடும் காலம் வந்துவிட்டது என்று எழுதினார். 2021-ல் நீதிபதி ரமணா எழுதிய தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது. வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவழிப்பது 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். (அந்த 97 நிமிஷம் எந்த வீட்டில் என்று என்னைக் கேட்காதீர்கள்!) 2024-ல் இன்னும் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்: இல்லத்தரசியின் வருமானத்தைத் தினக்கூலிக்காரரின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வைக்கக் கூடாது என்று.

ஆகவே மனுவில் தொழில் என்ற இடத்தில் இரண்டையும் எழுதச் சொல்: உப்பளக் கூலி, இல்லத்தரசி. சம்பளச் சீட்டு இல்லை என்று கவலைப்படாதே. 2014-ல் ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், சொந்தமாகப் பிழைக்கும் இப்படிப்பட்ட தொழிலாளி வருமானத்துக்குக் காகிதம் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லி, மாதம் 6,500 ரூபாய் என்று தானே வைத்துக்கொண்டது. உன்கூட வாரும் இரண்டு பேர் சாட்சி சொல்லலாம். தொழிலாளர் நலவாரிய அட்டையோ, மழைக்கால நிவாரணம் வரவு வைத்த பாஸ் புத்தகமோ இருந்தால் எடுத்து வை.

ஊனச் சான்றிதழில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். டாக்டர் ‘20 சதவிகிதம்’ என்று எழுதுவது காலைப் பற்றி. தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது பிழைப்பைப் பற்றி. கை போன தச்சருக்குப் பிழைப்பே போய்விடுகிறது, அதே கை போன குமாஸ்தா வேலையில் நீடிக்கலாம் என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் விளக்கியிருக்கிறது. உப்புத் தண்ணீர் நிற்கும் பாத்தியில் காலை ஊன்றி நிற்கவும், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வழுக்கும் வரப்பில் நடக்கவும் உன்னால் இனி முடியுமா? குந்தி உட்கார்ந்து அடுப்பு ஊத முடியுமா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி ஏற முடியுமா? கூண்டில் ஏறும்போது இதையெல்லாம் உன் வாயால் சொல்ல வேண்டும். “வலிக்குதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடாதே.

ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். மாத வருமானம் 10,000 ரூபாய், பிழைப்பில் இழப்பு 20 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 24,000 ரூபாய் நஷ்டம். 31 வயதிலிருந்து 35 வரை உள்ளவர்களுக்கு இதை 16-ஆல் பெருக்குவார்கள்: 3,84,000. நாற்பது வயதுக்குள் இருப்பவருக்கு எதிர்கால உயர்வுக்காக 40 சதவிகிதம் கூட்டினால் 5,37,600. ஆஸ்பத்திரிச் செலவு, வண்டிச் சத்தம், சத்தான ஆகாரம், பட்ட வேதனை எல்லாம் இதற்கு மேலே. இப்போது அந்த இருபதாயிரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்!

ஒரு வண்டியில் மூன்று பேர் வந்தீர்கள் என்று எதிர்த் தரப்பு கிளறும். வந்தது தப்புத்தான், இனிமேல் வேண்டாம். ஆனாலும் மூன்று பேர் இருந்ததாலேயே விபத்தோ காயமோ நேர்ந்தது என்று அவர்கள் காட்டினால் ஒழிய, அதற்காக உன் பணத்தில் கழிக்க முடியாது. 2020-ல் தீர்ப்பு வந்திருக்கிறது.

மற்றச் சகோதரிகளுக்கும் இங்கே ஒரு வார்த்தை. எதிரே யாரும் மோதாமல், உங்கள் வீட்டு வண்டியே மணலில் சறுக்கி, பின்னால் இருந்த நீங்கள் விழுந்தால் என்ன ஆகும்? மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் பின்னால் உட்கார்ந்தவருக்குக் கிடைக்காது. பேக்கேஜ் பாலிசி என்றால் உண்டு. இன்று ராத்திரியே அலமாரியைத் திறந்து உங்கள் வீட்டுப் பாலிசி எது என்று பாருங்கள்.

தங்கச்சி, முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரியில் எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, மருந்து பில், ஆட்டோவுக்குக் கொடுத்த துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வை. உங்கள் பக்கத்து உப்புக் காற்றில் காகிதம் சீக்கிரம் நமுத்துவிடும். வக்கீலிடம் நகலைக் கொடு, அசல் உன்னிடமே இருக்கட்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குகிறவரிடம் போகாதே. பணம் உன் பேரில் உள்ள பாங்குக் கணக்குக்குத்தான் வர வேண்டும்.

மாமியாரைப் பற்றி எழுதியிருந்தாயே. அவர்கள் உன்னைப் பார்த்துக்கொண்டதற்கும் மதிப்புண்டு. கூலிக்கு ஆள் வைக்காமல் வீட்டு மனுஷியே பார்த்துக்கொண்டாலும் ‘உதவியாளர் செலவு’ என்று கேட்கலாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்னென்ன செய்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வை. எழுதினதை அவர்களுக்கும் ஒரு தடவை படித்துக் காட்டு.