மூலிகைக் களிம்பும் முகச் சுருக்கமும்

கோவிலில் நடக்கும் வியாபாரம் போதாதென்று, இப்போது கடைகளிலும் ரிஷிகளின் பேரால் வியாபாரம் நடக்கிறது. "ரிஷிகள் கண்ட மூலிகைச் சத்து, தடவினால் தளர்ந்த தோல் இறுகும், இளமை திரும்பும்" என்பதாக விளம்பரம் செய்கிறார்கள். கிழத்தனத்தைப் போக்கும் மருந்து ரிஷிகளிடம் இருந்திருக்குமானால், அவர்களுடைய புராணத்திலேயே யயாதி தன் மகனிடம் வாலிபத்தைக் கடன் கேட்பானேன் என்று நாம் கேட்கிறோம்.

தோல் சுருங்கக் காரணம் என்ன? தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்னும் நார்ப்பொருள் வயது ஏற ஏறக் குறைகிறது. வெயிலும் புகைப்பழக்கமும் அதை இன்னும் விரைவாக அழிக்கின்றன. உடனே "தாவர கொலாஜன்" என்று ஒரு புட்டியை நீட்டுகிறார்கள். செடிகொடிகளில் கொலாஜனே கிடையாது! மிருகத்தினுடையதைப் பூசினாலும் உள்ளே போகாது. அதன் மூலக்கூறு எடை சுமார் 3,00,000 டால்டன்; தோலைக் கடப்பவையோ பெரும்பாலும் 500 டால்டனுக்கு உட்பட்டவை. பூசணிக்காயைச் சல்லடையில் சலிக்க முடியுமா?

அப்படியானால் மூலிகை யாவும் புரட்டா? அப்படி நாம் சொல்லவில்லை. நலங்கு மாவில் சேர்க்கும் கார்போக அரிசியிலுள்ள பகுச்சியால் என்னும் சத்தை ஒரு பிரிவாருக்கும், ரெட்டினாலை மற்றொரு பிரிவாருக்குமாக 44 பேருக்கு 12 வாரம் பூசிப் பார்த்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டிலும் சுருக்கம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. பகுச்சியாலில் எரிச்சல் குறைவு. இது ரிஷி சொல்லித் தெரிந்ததல்ல; சோதித்துத் தெரிந்தது. அதுவும் 44 பேர் சிறு தொகையே. அன்றியும், அதே விதையிலுள்ள சோராலென் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கக் கூடியது. ஆகவே, மூலிகை என்றால் கெடுதலே இல்லை என்பதும் ஒரு மூட நம்பிக்கையேயாகும்.

ஆஸ்திரேலியாவில் 903 பேரை நாலரை வருஷம் கவனித்து 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தினமும் வெயில் காப்புக் களிம்பு பூசியவர்களுக்கு, இஷ்டப்பட்டபோது பூசியவர்களைவிடத் தோல் மூப்பு 24 சதவிகிதம் குறைவாயிருந்தது. இதற்கு எந்த ரிஷியின் பேரும் தேவைப்படவில்லை.

நிற்க, ஆணின் நரையை அனுபவமென்றும், பெண்ணின் சுருக்கத்தைக் குற்றமென்றும் சொல்வது எந்த ஊர் நியாயம்? இந்த அநியாயம் உண்டாக்கிய பயத்தைத்தான் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். பாடுபட்டுப் பெற்ற கூலியைக் கொடுக்குமுன், "எத்தனை பேரிடம், எத்தனை நாள், எதனோடு ஒப்பிட்டுச் சோதித்தாய்?" என்று நமது தாய்மாரும் சகோதரிகளும் கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லாத களிம்பும், பேசாத குழவிக் கல்லும் ஒன்றே.