கட்டையைக் குறைத்தால் கவுரவம் குறையாது

போன ஞாயிற்றுக்கிழமை. ஷில்லாங்கில் வழக்கம் போல மழை. தங்கமணி அடுப்படியில் வத்தக்குழம்புக்குத் தாளித்துக் கொண்டிருந்தார். நான் ஆபீஸ் ஆணிகளை எல்லாம் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டு, டிவியில் யூட்யூபைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ராபர்ட் பிளான்ட் 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் ஒரு புற்றுநோய் நிதி நிகழ்ச்சியில் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாடிய துண்டுப் படம். வயது 75. நரைத்த சுருட்டை முடி, மைக்கைப் பிடித்தபடி அலட்டிக் கொள்ளாமல் நிற்கிறார்.

ப்ளஸ் டூ படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ராக் இசை தாய்ப்பால் மாதிரி. அவளுக்கும் 1971-ல் வந்த அசல் பாட்டு மனப்பாடம்.

“அவராப்பா இது? குரல் போயிடுச்சே. எதுக்கு இன்னும் பாடணும்?”

சட்டென்று பதில் வரவில்லை. காரணம், இதே கேள்வியைப் போன மார்கழியில் ஊரில் இன்னொருவர் வாயால் கேட்டிருந்தேன். அது யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். மகளுக்கு அன்றைக்குச் சொல்ல முடியாத பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் சின்னதாக ஒரு கொசுவர்த்தி. திருச்சியில் பி.காம். படித்த காலம். ஹாஸ்டலில் பக்கத்து அறை பெங்களூர்ப் பையன் ஒரு டிடிகே கேசட் போட்டான். லெட் செப்பலினின் ‘இமிகிரண்ட் சாங்’. ஆரம்பத்திலேயே ஒரு ஓலம். யாரோ இஸ்திரிப் பெட்டியில் கையைச் சுட்டுக் கொண்டார்கள் என்றுதான் நினைத்தேன். ராஜா பாட்டும் டி.எம்.எஸ். பாட்டும் கேட்டு வளர்ந்த காதுக்கு அது பாட்டாகவே படவில்லை. ஒரு வாரம் கழித்து நானே போய் அந்தக் கேசட்டைக் கடன் கேட்டேன் :-)

அந்தப் பாட்டு வெளிவந்தது 1970-ல். அப்போது பிளான்டுக்கு வயது 22. விஷயமே இங்கேதான் இருக்கிறது. அது ஒரு 22 வயது உடம்பின் குரல். நாம் அதை ஒலித்தட்டில் உறைய வைத்துவிட்டு, அந்த ஆள் மட்டும் 75-லும் அதே இடத்தில் நிற்க வேண்டும் என்கிறோம்.

குரல் ஏன் மாறுகிறது? தொண்டைக்குள் இருக்கும் குரல் நாண்கள் ஆண்களுக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடித்தால் அவை நொடிக்கு 400, 500 முறைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு நொடிக்கு! வயதாக ஆக அந்த நாணின் தசை மெலிகிறது. மேலே இருக்கும் மெத்தென்ற படலம் நெகிழ்வை இழக்கிறது, வறண்டு போகிறது. இரண்டு நாண்களும் முழுசாக மூடாமல் நடுவே இடைவெளி விழும், காற்று கசியும். குரல்வளையின் குருத்தெலும்பு இறுகி எலும்பு மாதிரி ஆகிறது. மார்புக்கூடு விறைத்து மூச்சின் கொள்ளளவும் குறைகிறது. நீளமாக இழுத்துப் பாடும் இடங்களில் ஆட்டம் காண்பது இதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வயதான ஆண்களின் பேச்சுக் குரல் கொஞ்சம் மெலிந்து மேலே போகும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு குரல் கீழே இறங்கும். ஆனால் பாடும்போது இரு பாலாருக்கும் முதலில் கழன்று கொள்வது உச்ச சுரங்கள்தான்.

ராக் பாடகர்களுக்குக் கூடுதலாக ஒரு கஷ்டம். 1960-களின் கடைசியில் மேடையில் பாடகருக்கு அவர் குரலே சரியாகக் கேட்காது. பின்னால் கிடார் பெட்டிகள் அலறும், டிரம்ஸ் இடிக்கும். பாடகருக்கென்று வைக்கும் மானிட்டர் பெட்டிகள் அப்போது சரியாக வளரவில்லை. கத்துவதைத் தவிர வழி இல்லை. அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில் ஊர் ஊராக. பிளான்டின் குரல் 25 வயதிலேயே அடி வாங்கிவிட்டது. 1973-க்கு முன்னும் பின்னும் எடுத்த மேடைப் பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் யாருக்கும் தெரியும்.

காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொன்னால் இது தேய்மானம். தேய்மானத்தில் இரண்டு முறை உண்டு. வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழித்தால் ஒரு நாள் சொத்தின் மதிப்பு பூஜ்யம் ஆகிவிடும். இன்னொன்று ரிட்டன் டௌன் வேல்யூ முறை, அதாவது மிச்சம் இருப்பதில் ஒரு சதவீதத்தைக் கழிப்பது. அதில் மதிப்பு முதலில் மளமளவென்று இறங்கும், பிறகு நிதானிக்கும். பூஜ்யத்தைத் தொடவே தொடாது. குரல் இரண்டாவது வகை என்பது என் கட்சி. போனது போகட்டும், மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பாடகன் பிழைத்துக் கொள்கிறான்.

பிளான்டுக்கும் அது உடனே கைவரவில்லை. டிரம்மர் ஜான் பானம் 1980-ல் இறந்ததும் குழு கலைந்தது. 1985 ஜூலை 13 அன்று பிலடெல்பியாவில் ‘லைவ் எய்ட்’ நிகழ்ச்சிக்காக மறுபடி சேர்ந்தார்கள். பிளான்டுக்குத் தொண்டை கட்டியிருந்தது, கிடார் சுருதி சேரவில்லை, ஒத்திகையும் போதவில்லை. உலகமே பார்த்துக் கொண்டிருக்க, சொதப்பல். 2004-ல் அந்த நிகழ்ச்சி டிவிடியாக வந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்கவே இவர்கள் சம்மதிக்கவில்லை. 22 வயசுச் சட்டையை 36 வயசில் போட்டுப் பார்த்தால் தையல் விடத்தானே செய்யும்?

அடுத்தது 2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கு. பிளான்டுக்கு 59 வயது. இந்த முறை மாதிரியே வேறு. சில பாட்டுகளை ஒலித்தட்டில் இருந்த சுருதியை விட இறக்கி வைத்துக் கொண்டார்கள். ஓலமிட வேண்டிய இடங்களில் பிளான்ட் சுற்றுப்பாதையில் போய் வேறு சங்கதி போட்டுத் திரும்பி வந்தார். அந்தப் பதிவு 2012-ல் ‘செலிப்ரேஷன் டே’ என்று வந்தது. கேட்டுப் பாருங்கள், குறை ஒன்றும் தெரியாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாடகர் மட்டும் இறங்கினால் போதாது. ஜிம்மி பேஜ் தன் கிடாரை இறக்க வேண்டும், ஜான் பால் ஜோன்ஸ் பேஸ் கிடாரை இறக்க வேண்டும். அந்தக் கிடாரின் அசல் மினுமினுப்பு கொஞ்சம் மங்கத்தான் செய்யும். மங்கட்டும் என்று அவர்களும் இறங்கினார்கள். கூட இருப்பவர்கள் இறங்கி வந்ததால்தான் அவரால் நிமிர்ந்து நின்று பாட முடிந்தது.

நம் ஊர் கச்சேரியில் இது ஒரு விஷயமே இல்லை. சுருதி பாடகருடைய சொத்து. வயதானால் வித்வான் கட்டையைக் குறைத்துக் கொள்வார், தம்புராவும் வயலினும் மிருதங்கமும் அவருக்குத் தக்கபடி வரும். செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறு வயதை ஒட்டியும் பாடினார். கரகரத்த குரல்தான். ‘குரல் போச்சு, எதற்குப் பாடுகிறார்’ என்று எழுந்து போனவர்களை விட, அடுத்த பிடி என்னவென்று காதைத் தீட்டிக் கொண்டு உட்கார்ந்தவர்கள்தான் அதிகம். ராக்கில் அப்படி இல்லை. அங்கே சுருதி ஒலித்தட்டின் சொத்து. கோடிக் கணக்கான பேர் ஒரே பதிவை ஆயிரம் தடவை கேட்டு வைத்திருக்கிறார்கள். அரை சுரம் குறைந்தாலும் ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார்கள்.

“காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் கேட்க மாட்டானா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆயிரக் கணக்கில் செலவழித்து, குழந்தை குட்டியோடு போய் நிற்கிறவனுக்கு நல்ல நிகழ்ச்சி கேட்க உரிமை உண்டு. ஆனால் அவன் அடம் பிடித்தால் பாடகருக்கு இரண்டே வழிதான். ஒன்று, இல்லாத சுரத்தை எட்டிப் பிடிக்கப் போய்த் தொண்டையைக் கிழித்துக் கொள்வது. இரண்டாவது, முன்பே பதிவு செய்த குரலை ஓடவிட்டு வாயசைப்பது. எங்கள் பாஷையில் இரண்டாவதற்குப் பெயர் விண்டோ டிரஸ்ஸிங். மார்ச் 31 அன்று மட்டும் பளபளக்கும் பாலன்ஸ் ஷீட். சுருதியை இறக்கிப் பாடுகிறவர் தன் கணக்கை உள்ளது உள்ளபடி நம் முன் வைக்கிறார். எனக்கு இவர்தான் யோக்கியர்.

எப்படி இறக்கினாலும் சில பாட்டுகள் சரிப்படாது. டீப் பர்பிள் குழுவின் இயன் கில்லன், 1970-ல் வந்த ‘சைல்ட் இன் டைம்’ பாட்டின் உச்சங்களை 24 வயதில் ஊதித் தள்ளியவர். 2000-களின் தொடக்கத்துக்குப் பிறகு அந்தப் பாட்டையே மேடையில் விட்டுவிட்டார். அரைகுறையாகப் பாடுவதை விட அதுவே மேல். ஜான் பான் ஜோவிக்குக் குரல் நாண் ஒரு பக்கம் மெலிந்து போய் 2022-ல் அறுவை சிகிச்சை நடந்தது. 2024-ல் வந்த ஆவணத் தொடரில் சிகிச்சையையும் அதற்குப் பிறகு பட்ட பாட்டையும் ஒளிக்காமல் காட்டினார். அதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

குறைந்த குரலில் புது வாசல் திறப்பதும் உண்டு. ஜோனி மிட்செல் ‘போத் சைட்ஸ் நௌ’ பாட்டை 1969-ல் குயில் மாதிரிப் பாடினார். அதே பாட்டை 2000-ல் புகையேறிய கனத்த குரலில் பெரிய வாத்தியக் குழுவோடு மறுபடி பதிவு செய்தார். வாழ்க்கையை இரு பக்கமும் பார்த்தவள் பாட வேண்டிய பாட்டு அது. 25 வயதுப் பெண் பாடினால் அழகு, 56 வயதுப் பெண் பாடினால் நம்பிக்கை வருகிறது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்து 2015-ல் படுத்தவர், 2024 கிராமி மேடையில் 80 வயதில் உட்கார்ந்தபடி அதே பாட்டைப் பாடினார்.

பிளான்டும் அப்படித்தான். ஓ2 நிகழ்ச்சிக்குப் பிறகு செப்பலின் பெயரில் உலகம் சுற்றியிருந்தால் பணம் கொட்டியிருக்கும். மற்றவர்களுக்கு ஆசையும் இருந்தது. இவர் போகவில்லை. அலிசன் கிராஸ் என்ற பாடகியோடு ‘ரெய்சிங் சேண்ட்’ தொகுப்பைப் பாடி முடித்திருந்தார், அதோடு ஊர் ஊராகப் போனார். காதருகே பேசுகிற மாதிரி பாடினார். கத்தாமல் பாடத்தானே மைக் இருக்கிறது! 2009-ல் அந்தத் தொகுப்புக்கு, ஆண்டின் சிறந்த ஆல்பம் உட்பட ஐந்து கிராமி விருதுகள். அப்போது அவருக்கு வயது 60.

இதை எல்லாம் மகளிடம் ஒரு வழியாகச் சொல்லி முடித்து, 1971 பதிவையும் 2023 பதிவையும் அடுத்தடுத்துப் போட்டேன். கேட்டுவிட்டு, “ரெண்டும் வேற வேற பாட்டுப்பா” என்றாள். பாஸ் மார்க் போட்டுவிட்டேன் :-)

இப்போது அந்த இன்னொருவர். என் அப்பா. 78 வயது, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் மார்கழி பஜனை கோஷ்டியில் நாற்பது வருஷம் பாட்டு எடுத்துக் கொடுத்தவர். விடிகாலையில் தெருமுனையில் அவர் எடுத்தால் கடைசி வீட்டில் விளக்கு எரியும். போன மார்கழியில் லீவு போட்டுப் போனபோது அவர் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். மேலே போகும் இடத்தில் குரல் உடைந்திருக்கிறது. இளவட்டங்கள் சிரித்திருக்கிறார்கள். “குரல் போச்சுடா. இன்னும் எதுக்குப் பாடணும்?” என்றார். நானும் வயசாகிவிட்டது, சரிதான் என்று ஷில்லாங் திரும்பிவிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மகள் கேட்ட அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். “ஒரு கட்டை எறக்கிப் பாடுங்களேன்ப்பா.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “நான் எறங்கிடுவேன்டா. எனக்காக மொத்தக் கோஷ்டியும் எறங்குமா?” என்றார்.

கேள்வி அவருடையது. பதில் சொல்ல வேண்டியவர்கள் சுற்றி இருக்கும் நாம். கட்டை என்பதே ஆர்மோனியத்தின் கட்டைதானே. மறுநாள் கோஷ்டியின் ஆர்மோனியக்காரருக்கே போன் செய்தேன். “இது ஒரு நிமிஷ வேலை தம்பி. வாத்தியார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போன வருஷமே எறக்கியிருப்பேனே” என்றார்.

மார்கழிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் காரணம் கேட்டார். கச்சேரி என்று சொன்னேன்.