ஊதுவது குளிர் காற்று

கோலார் தங்கவயலின் பழைய பிரச்சினை வெப்பம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் மேல் ஆழம். அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தொழிலாளர்களுக்காகக் குளிரூட்டிய காற்றை உள்ளே அனுப்பினார்கள். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று பலருக்குப் பிழைப்பு சுமார் 100 கி.மீ. தள்ளியிருக்கும் பெங்களூரில். பெரும்பாலோர் ரயிலில் போகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் உள்ள இந்த ஊரில், மார்கழி விடியலில் கார் எடுப்பவருக்கு வருவது நேரெதிர்ப் பிரச்சினை: ஹீட்டரைப் போட்டால் குளிர் காற்று.

சொகுசு போனால் போகட்டும். முன்கண்ணாடியின் உட்புறம் மூச்சின் ஈரம் படிந்து மங்கும்போது தெளியவைப்பது இந்தச் சூடுதான். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துணி என்று பனிமூட்டத்தில் ஓட்டுவது விபத்தை விலைக்கு வாங்குவது.

பெட்ரோல், டீசல் கார்களின் ஹீட்டருக்கு எஞ்சின்தான் அடுப்பு. எஞ்சினைச் சுற்றிச் சூடான கூலன்ட், டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள சிறு ரேடியேட்டரில் ஓடும். ப்ளோயர் அதன் வழியே காற்றை ஊதும். கோளாறையும் இந்த வழியிலேயே தேட வேண்டும்.

காற்றே வரவில்லையா? ஃபியூஸ், ப்ளோயர் மோட்டார். காற்று வந்தும் சூடில்லை என்றால், எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அளவு சரியாக இருந்து, நெடுநேரம் ஓடியும் வெப்பமானி முள் ஏறவில்லையென்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். முள் நடுவில் நிற்கிறது, ஆனாலும் குளிர் காற்றா? ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களை எச்சரிக்கையாகத் தொட்டுப் பார்க்கலாம். இரண்டும் சுட்டால், சூட்டைத் திருப்பிவிடும் தடுப்புப் பலகையோ கேபிளோ பழுது. ஒன்று மட்டும் சுட்டால் உள்ளே அடைப்பு, அல்லது வால்வு மூடியிருக்கிறது.

அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் நாமே. கூலன்ட்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உப்பும் துருவும் மெல்லிய குழாய்களில் படியும். பழைய கார் வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 'நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு?' என்று இரண்டு குழாய்களையும் ஒன்றாக இணைத்து, ஹீட்டரையே ஒதுக்கிவிடும் மெக்கானிக்குகள் உண்டு.

பழுது பார்க்கும்வரை ஏ.சி.யைப் போட்டு, வெளிக்காற்றை உள்ளே விட்டாலே கண்ணாடி ஓரளவு தெளியும். ஆனால் கூலன்ட் அடிக்கடி குறைந்தால் தள்ளிப்போடக் கூடாது. கீழே சொட்டு இல்லாவிட்டாலும் ஹெட் கேஸ்கெட் வழியே எஞ்சினுக்குள் கசியலாம். ஹீட்டர் இல்லாமல் பெங்களூர் போய்ச் சேரலாம். கூலன்ட் இல்லாமல் பாதி வழிகூடத் தாண்ட முடியாது.