கொன்றது பனி மட்டும்தானா?

2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தைப் பனிப்புயல் புரட்டிப் போட்டது. நகரம் அடங்கிய ஈரி கவுண்டியில் மட்டும் 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பிறகு எல்லா இடத்திலும் ஒரே பல்லவிதான்... தலைமுறைக்கு ஒருமுறை வரும் புயலாம், மனிதனால் என்ன செய்ய முடியுமாம்!

வேடிக்கை என்னவென்றால், 'தலைமுறைக்கு ஒருமுறை' என்ற அந்த வார்த்தையைப் புயலுக்கு முன்பே எச்சரிக்கையாகச் சொன்னது வானிலை ஆய்வு மையம். முன்னால் எச்சரிக்கையாக இருந்தது, பின்னால் சாக்குப்போக்கு ஆகிவிட்டது!

பஃபலோவுக்குப் பனி என்ன புதிதா? ஈரி ஏரி கிட்டத்தட்ட 388 கிலோமீட்டர் நீளம். அதன் கிழக்கு முனையில் உட்கார்ந்திருக்கிறது ஊர். குளிர்காலத் தொடக்கத்தில் ஏரித் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். அதன்மேல் கடுங்குளிர் காற்று நீளவாக்கில் ஓடி வரும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டிவிடும். ஐந்து பெரிய ஏரிகளில் ஆழம் குறைந்தது இதுதான் என்பதால் சீக்கிரம் உறையும். உறைந்துவிட்டால் இந்த 'பனித் தொழிற்சாலை' அநேகமாக மூடிவிடும். ஆனால் 1977 ஜனவரியில் உறைந்த ஏரியின்மேல் கிடந்த பனியையே காற்று வாரிக்கொண்டு வந்து ஊருக்குள் கொட்டியது. இத்தனையும் அந்த ஊருக்குத் தெரிந்த கதை.

சரி, 2022-ல் நடந்தது என்ன? டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை. வாகனங்களுக்குத் தடை அமலுக்கு வந்தது காலை 9:30-க்கு! அதற்குள் எத்தனையோ பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கு எதிரே எதுவும் தெரியாத புயல், 37 மணி நேரம். கார்களுக்குள்ளும் தெருவிலும் உயிர்கள் போயின. மீட்கப் போன வண்டிகளே பனியில் சிக்கிக்கொண்டன. தடை தாமதமானதை 2023-ல் வெளிவந்த நியூயார்க் பல்கலைக்கழக அறிக்கையும் சுட்டிக்காட்டியது.

இதற்கு ஐந்து வாரம் முன்னால், அதே நவம்பரில், பக்கத்து ஆர்ச்சர்ட் பார்க்கில் சுமார் 80 அங்குலம் பனி விழுந்தது. அங்கே நடக்க வேண்டிய கால்பந்து ஆட்டத்தை, பனி கொட்டித் தீர்ப்பதற்கு முன்பே டெட்ராய்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அது லீக்கின் முடிவு, இது நிர்வாகத்தின் முடிவு, உண்மைதான். ஆனால் வானிலை அறிக்கையை நம்பி முன்கூட்டியே முடிவெடுக்க முடியும் என்பது நிரூபணம் ஆகிவிட்டதே! ஆட்டக்காரனுக்குக் கிடைத்த அந்த அவகாசம் கடைச் சிப்பந்திக்கு ஏன் கிடைக்கவில்லை?

"வீட்டிலேயே இருந்திருக்கலாமே" என்பவர்கள் உண்டு. லீவு போட்டால் சம்பளம் போகும் என்பவன் எப்படி இருப்பான்? இருந்தவர்கள் மட்டும் தப்பினார்களா? மின்சாரம் போய், ஹீட்டர் நின்று, வீட்டுக்குள்ளேயே விறைத்துச் செத்தவர்களும் உண்டு. நகர மக்களில் மூன்றில் ஒரு பங்குதான் கறுப்பர்கள். நகருக்குள் இறந்தவர்களிலோ பாதிக்கு மேல் அவர்கள்தான். பனிக்கு நிறம் பார்க்கத் தெரியுமா என்ன?

பூமி சூடாகிறது. ஏரி உறையாமல் கிடக்கும் நாட்கள் கூடினால் பனித் தொழிற்சாலைக்கும் வேலை நாள் கூடும். ஆகவே 'தலைமுறைக்கு ஒருமுறை' என்ற ஆறுதலும் செல்லாது. முந்தைய இரவே தடை, அந்த நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை, கார் இல்லாதவர் நடந்தே போகும் தூரத்தில் சூடான தங்குமிடம்... இவை ஒன்றும் வானத்தை வில்லாய் வளைக்கும் காரியம் இல்லை.

பனி வானத்திலிருந்து விழுகிறது. காலை 9:30 மணி என்ற முடிவு வானத்திலிருந்து விழவில்லை!