ஓடுகிற பிள்ளையின் இதயம்

சென்ற மாதம் மாதர் சங்கக் கூட்டம் முடிந்தபின் ஒரு அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். மகளின் ஓட்டச் சப்பாத்தை ஒளித்து வைத்துவிட்டாராம். பிள்ளைக்கு 17 வயது, பாடசாலையில் 1500 மீற்றர் ஓடுகிறவள். கால் காயத்திற்கு மருந்து கட்டப் போன இடத்தில், நாடி நிமிடத்திற்கு 48 தடவைதான் அடிக்கிறது என்றார்களாம்.

"ஓடி ஓடி நெஞ்சு பழுதாப் போச்சுதோ தங்கச்சி?" என்று அழுதார். கணவரை 2009 இல் இழந்தவர். அவருக்கு இந்தப் பிள்ளை ஒன்றுதான். (அவருடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.)

ஓய்வாக இருக்கும்போது வளர்ந்தவர்களின் இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 தடவை துடிக்கும். வருடக்கணக்காக நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு அது 40 அளவிற்கும் இறங்கும். இதயமும் தசைதானே. பயிற்சியினால் அதன் அறைகள் விரிந்து, சுவரும் சற்றுத் தடிக்கிறது. ஒரே துடிப்பில் கூடுதல் இரத்தத்தை அனுப்புவதால் அடிக்கடி துடிக்கத் தேவையில்லை. 1899 இலேயே சுவீடன் வைத்தியர் ஹென்ஷன், பனிச்சறுக்கு வீரர்களின் நெஞ்சைத் தட்டிப் பார்த்து அவர்களின் இதயம் பெருத்திருப்பதைக் கண்டார். பயிற்சியை விட்டால் பெரும்பாலும் அது பழைய அளவை நோக்கிச் சுருங்கும். பல பத்தாண்டுகள் கடுமையாக ஓடியவர்கள் சிலருக்கு நடுவயதில் துடிப்பு ஒழுங்கு தவறுவதுண்டு. அதுவும் ஆண்களிடமே தெளிவாகக் காணப்பட்டிருக்கிறது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் விளையாட்டு வீரர்களிடம் வைத்தியர்கள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. குடும்பத்தில் யாரும் இளவயதில் திடீரென இறந்தார்களா? கேட்கவே எனக்கு வாய் கூசியது.

"எங்கட குடும்பத்தில இளவயசில சாகாத ஆர் இருக்கினம்?" என்றார். ஷெல்லில் போனவர்கள், காணாமல் போனவர்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில்தான், "தம்பி ஒருத்தன் பந்தடிக்கேக்க விழுந்து செத்தவன். 19 வயசு. வெயில் எண்டு சொன்னவை" என்றார். இத்தனை சாவுகளுக்குள் அந்தச் சாவு ஒளிந்துபோய்க் கிடந்திருக்கிறது.

பயிற்சி இல்லாமலே இதயத்தசை அளவுமீறித் தடிக்கும் ஒரு நோய் பரம்பரையாக வரும். கமரூன் உதைபந்தாட்ட வீரர் மார்க் விவியன் ஃபோ 2003 இல் பிரான்சின் லியோன் நகர மைதானத்தில் விழுந்து இறந்தபோது வயது 28. பிரேத பரிசோதனையில் இந்த நோய்தான் தெரியவந்தது. ஓட்டம் இதை உண்டாக்குவதில்லை. ஆனால் நோய் உள்ளவருக்குக் கடும் ஓட்டம் ஆபத்தாகலாம். ஓடும்போதே மயங்கி விழுந்தாலோ நெஞ்சு நொந்தாலோ அதைக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது.

தம்பிக்கு இருந்தது இந்த நோய்தானா என்று இனிச் சொல்ல முடியாது. பிள்ளைக்கு ஈசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்க்கலாம். கூடப்பிறந்தவர் என்பதால் தாயும் பார்ப்பது நல்லது என்றேன்.

"எனக்கெதுக்கு? நான் ஓடுறனானே?" என்றார்.

இருவருக்கும் கிளினிக் திகதி கிடைத்திருக்கிறது. அதுவரை பயிற்சி இல்லை. சப்பாத்து எங்கே இருக்கிறது என்பதை மட்டும் மகளுக்குச் சொல்லிவிட்டாராம்.